நூற்றுக்கு நாற்பத்தொன்று: எழுத்தர் தாட்சாயிணி அம்மையாருக்கு மருந்தக ஊழியர்கள் அளிக்கும் மடல்

அம்பத்தூர்
30-6-1978, வெள்ளிக்கிழமை

பதினான்கு ஆண்டுகள் இம்மருந்தகத்தின் ஜன்னலோர மேசையில் எழுத்தராய் அமர்ந்து, எழுத்தராகவே இன்று எழுந்து விடைபெறும் எங்கள் அம்மையீர்! கூட்டலில் பிழை பொறாத கூர்மதியே! கூசாமல் உண்மை கூறிய குரலே! பருத்திப்பட்டிலிருந்து பேருந்தில் நின்றபடியே வந்து, எங்கள் எல்லோருக்கும் முன்பாக இருக்கையில் இருந்த எழிலே! தொழிலாளர் தொண்டரே! தாட்சாயிணி அம்மையாரே! வணங்குகிறோம், வாழ்த்துகிறோம், அதற்கு முன் சற்றே வெகுள்கிறோம். பொறுத்தருள்க!

அம்மையீர்! பணிநிறைவு மடல் எப்படி அமைய வேண்டும் என்று மேலிடத்திலிருந்து ஒரு மாதிரித்தாள் எங்களுக்கு வந்தது. பன்னிரண்டே வரி. 'கடமையும் கனிவும் மிக்கவர்' என்று தொடங்கி, பெயருக்கும் பதவிக்கும் புள்ளி வைத்த இடம் விட்டு, நான்கு வாழ்த்துகளோடு முடிகிறது. சென்ற ஆண்டு ஓய்வுபெற்ற ஓட்டுநருக்கும் அதே தாள்; அதற்கு முன் ஓய்வுபெற்ற அலுவலருக்கும் அதே தாள். தங்களுக்கும் அதையே நிரப்பித் தருவதானால் எங்கள் கை விளங்காமல் போகட்டும்! தாங்கள் செய்ததை எந்த ஆணையும் சொல்லவில்லை, எந்த அறிக்கையும் சொல்லவில்லை. ஆகவே இதோ நாங்கள் சொல்கிறோம். இதை எழுதுபவன் மருந்தாளுநர் மணவாளன். எழுதியதை எல்லோரும் படித்துத் திருத்தினார்கள். 'நான்' என்று வரும் இடங்களில் குற்றம் என்னுடையது மட்டுமே.

தங்களைக் கனிவானவர் என்று எழுதினால் இந்தக் கூடத்திலேயே சிரிப்பு எழும். புரியாத கையெழுத்தில் வந்த மருந்துச் சீட்டை, எழுதியவர் எத்தனை பெரிய மருத்துவராயினும், "படிக்கிற மாதிரி எழுதி அனுப்பச் சொல்லுங்க" என்று திருப்பி அனுப்பியவர் தாங்கள். மாத முடிவில் ஒரு குப்பி குறைந்தாலும் எங்களை வீட்டுக்கு விடாமல் நிறுத்தி வைத்தவர் தாங்கள். செவிலியர் வரலட்சுமி புதிதாக வந்த வாரத்தில் தங்களிடம் திட்டு வாங்கி அழுதார். அழுது முடிக்கும்வரை பக்கத்தில் நின்று, பிறகு விட்ட இடத்திலிருந்தே திட்டைத் தொடர்ந்தீர்கள். இவற்றையும் புகழுரையில் சேர்க்கிறோம். மெல்லிய மனிதர்களால் ஆகாத காரியம் ஒன்று இங்கே காத்திருந்தது.

விருந்தினர்கள் பொருட்டு ஒரு விளக்கம். இங்குள்ள தொழிற்சாலைகளின் தொழிலாளர்கள், தொழிலாளர் காப்பீட்டுத் திட்டத்தின் பட்டியலில் உள்ள ஏழு தனி மருத்துவர்களில் யாரிடம் வேண்டுமானாலும் பெயரைப் பதிந்து வைத்தியம் பார்த்துக்கொள்ளலாம். மருத்துவர் எழுதும் சீட்டை இங்கே கொண்டுவந்து மருந்து வாங்குவார்கள். ஊசி மருந்தென்றால் குப்பியை வாங்கிக்கொண்டு, போட்டுக்கொள்ள மீண்டும் அதே மருத்துவரிடம் போவார்கள். கொடுத்து முடித்த சீட்டுகள் கம்பியில் குத்தப்பட்டுத் தங்கள் மேசைக்கு வரும். எந்த மருந்து எத்தனை போயிற்று என்று எண்ணி எழுதுவது தங்கள் வேலை. அவ்வளவுதான் வேலை.

1968ஆம் ஆண்டு தைப்பொங்கல் முடிந்து வந்த வாரத்தில், தங்களுக்கு இடப்படாத ஒரு வேலையைத் தாங்களே இட்டுக்கொண்டீர்கள். மருந்துவாரியாக எண்ணிய சீட்டுகளை, ரப்பர் முத்திரையைப் பார்த்து மருத்துவர்வாரியாகவும் பிரித்தீர்கள். கட்டம் போட்ட தாளில் ஏழு பத்திகள். ஐந்தைந்தாக எண்ண நான்கு கோடு, குறுக்கே ஒரு கோடு. ஏன் இந்த வீண்வேலை என்று கேட்டேன். "ஸ்ட்ரெப்டோமைசின் ரெண்டு வருசம் முன்னால மாசத்துக்கு மூணு பெட்டி போச்சு, இப்ப ஒன்பது பெட்டி போவுது. யாருக்குப் போவுதுன்னு பாக்க வேணாமா?" என்றீர்கள்.

அது காசநோய்க்கு உரிய ஊசி. காசநோயாளிகளுக்கோ அந்த ஊசி வேறு இடத்தில், வேறு பதிவேட்டில் தரப்பட்டுவந்தது. அப்படியிருக்க இங்கே ஏன் இத்தனை? மார்ச் மாதச் சீட்டுகளை எண்ணி முடித்தபோது விடை கிடைத்தது. ஆறு மருத்துவர்களும் சேர்ந்து எழுதியவை இரண்டாயிரத்துத் தொள்ளாயிரம் சீட்டுகள்; அவற்றில் இந்த ஊசி எண்பத்தேழு. நூற்றுக்கு மூன்று. திருமழிசைப் பேருந்து நிறுத்தத்தை ஒட்டி மருத்துவமனை வைத்திருந்த ஏழாமவர் எழுதியவை அறுநூற்றுப் பன்னிரண்டு. அவற்றில் ஊசி இருநூற்று ஐம்பத்தொன்று. நூற்றுக்கு நாற்பத்தொன்று!

அவர் பெயரை எழுதி இம்மடலை அழுக்காக்க மாட்டோம். ஊரில் அவருக்கு 'ஊசி டாக்டர்' என்று பெயர். இருமலா, ஊசி. வயிற்றுப்போக்கா, ஊசி. நாய் பிறாண்டியதா, அதற்கும் ஊசி. ஊசி போட்டால்தான் உடம்பு தேறும் என்று நம்பியவர்கள் அவர் பட்டியலில் போய்ச் சேர்ந்தார்கள். பட்டியல் நீள நீள அவர் நோயாளியின் முகத்தையே பார்க்காமல் எழுதினார்.

அப்போதும் தாங்கள் அவசரப்படவில்லை. அவரிடம் நோயாளிகள் அதிகமோ என்று நூற்றுக்கு எத்தனை எனக் கணக்குப் பார்த்தீர்கள். பனிக்கால இருமலின் மிச்சமோ என்று ஏப்ரலையும் மேயையும் எண்ணினீர்கள். கத்திரி வெயிலிலும் நூற்றுக்கு நாற்பத்துமூன்று. அந்தத் தாளை என் முன்னால் வைத்தீர்கள். "டாக்டருங்க சமாசாரம், நமக்கெதுக்கும்மா?" என்று சொல்லித் தாளைத் திருப்பி வைத்தேன். அந்த இருநூற்று ஐம்பத்தொரு குப்பிகளையும் அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்தது இந்தக் கை, அம்மையீர்!

ஜூன் மாதத்தில் ஒரு நாள் காலை, குத்தம்பாக்கத்திலிருந்து கன்னியம்மா என்ற பெண் மருந்து வாங்கும் ஜன்னலுக்கு வந்தார். அவருடைய கணவர் தங்கவேல், பூந்தமல்லிச் சாலையில் ஒரு தொழிற்சாலையில் தகடு அடிக்கும் பிரஸ் இயந்திரத்தில் வேலை பார்ப்பவர். அவர் குடும்பத்தில் கழனிவேலையை விட்டுத் தொழிற்சாலைக்குள் நுழைந்த முதல் ஆள். வேலைக்கு வந்தவர் வாசலில் தள்ளாடினார் என்று காவலாளி பிடித்து நிறுத்தினான். மதுவிலக்குக் காலம். போலீஸ் வந்தது. வாயை ஊதச் சொன்னார்கள்; ஊதினார். வாடை இல்லை. 'வாடை வராத சரக்கு' என்று எழுதிக்கொண்டார்கள்! அன்றே வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள்.

கன்னியம்மா எங்களிடம் நியாயம் கேட்டு வரவில்லை. தலைசுற்றலுக்கு மாத்திரை கேட்டு வந்தார். சீட்டு இல்லாமல் மருந்து இல்லை என்று நான் சொன்னேன். அவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

"சாராயத்த தொட்டதில்ல நைனா அவரு. எங்க குலசாமி மேல சத்தியம். நட்டுகினு நின்னா தல கிர்ருன்னு சுத்துதாம், சொவுத்தப் புட்ச்சிகினு நடக்கறாரு. காதுல எந்நேரமும் கொய்ன்னு சத்தம் கீதாம். நான் பேசறது இன்னான்னே அவுருக்குக் கேக்கல. ஊசி போட்டா சரியாப்பூடும்னு டாக்டரு சொன்னாரு. முப்பது ஊசி போட்டுகினாரு. இன்னும் மோசமாப்பூச்சு."

தாங்கள் எண்ணிக்கொண்டிருந்த கையை நிறுத்தி எழுந்து வந்தீர்கள். "எந்த டாக்டரம்மா?" என்று கேட்டீர்கள். கன்னியம்மா சொன்ன பெயர் ஏழாம் பத்தியின் பெயர்.

அன்று மாலை விடுப்புச் சான்றுப் பதிவேடுகளை இறக்கி வைத்தீர்கள். ஓராண்டில் தலைசுற்றல், தள்ளாட்டம், காதிரைச்சல், காது மந்தம் என்று விடுப்பு எடுத்தவர்களை ஒவ்வொருவராகத் தேடினீர்கள். முப்பத்துநான்கு பேர். தொழிலாளர்களில் ஆறில் ஒரு பங்கினரே ஏழாமவர் பட்டியலில் இருந்தார்கள்; முறைப்படி ஐந்தாறு பேரே அவருடைய நோயாளிகளாக இருந்திருக்க வேண்டும். இருந்தவர்கள் இருபத்தொன்பது பேர்! மருத்துவ நூல் ஒன்றை இரவல் வாங்கி, அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, இந்த ஊசி அளவு மீறினால் காதின் உள்நரம்பைக் கெடுக்கும், கேள்வியையும் நடையின் சமநிலையையும் அழிக்கும், அழிந்தது பெரும்பாலும் திரும்பாது என்று எனக்குப் படித்துக் காட்டினீர்கள்.

ஜூலையில் கண்காணிப்பாளருக்கு நான்கு பக்கக் குறிப்பு எழுதினீர்கள். சாட்சிக் கையெழுத்துக் கேட்டு எங்கள் எல்லோரிடமும் வந்தீர்கள். அடுத்த ஆண்டு வந்த டாக்டர் உலகநாதனைப் போன்ற மருத்துவர் அன்று இங்கே இல்லை. இருந்தவர்கள் நாங்கள் பதினான்கு பேர். ஒருவருக்குத் தங்கை திருமணம். ஒருவருக்கு இடமாற்ற பயம். எனக்குப் பதவி உயர்வு வரிசை. ஒருவரும் கையெழுத்திடவில்லை! ஒற்றைக் கையெழுத்தோடு குறிப்பை எடுத்துக்கொண்டு தாங்கள் உள்ளே போனீர்கள். கதவு திறந்தே இருந்தது. நாங்கள் கேட்டுக்கொண்டே நின்றோம்.

"இது என்ன இது? டாக்டர் எழுதற மருந்தைக் கேள்வி கேக்க நீ யாரும்மா? நீ படிச்சது எஸ்.எஸ்.எல்.சி."

"நான் மருந்தைக் கேள்வி கேக்கலைங்க. எண்ணிக்கையைச் சொல்றேன்."

"பிரஸ் ஷாப்புல வேலை செய்யறவனுக்குக் காது கேக்காது. குடிக்கறவனுக்குத் தலை சுத்தும். இதுக்கு ஒரு கணக்கா?"

"ஒரே பிரஸ் ஷாப்புல மத்த ஆறு டாக்டருகிட்ட போற ஆளுங்க நூத்துப்பத்து பேரு இருக்காங்க. அவங்க யாருக்கும் தலை சுத்தலைங்க. குடிக்கறவன் டாக்டரு பேரைக் கேட்டுட்டா குடிக்கறான்?"

அந்தக் கேள்விக்குப் பதில் ஆகஸ்டு மாதம் வந்தது, இடமாற்ற ஆணையாக. 'அதிகார வரம்பை மீறி, மதிப்புக்குரிய மருத்துவர்மீது அவதூறு பரப்பும் நோக்கில் அரசுப் பதிவேடுகளைப் பயன்படுத்தியமைக்காக' என்று எழுதியிருந்தது. எண்ணிப் பார்ப்பது அவதூறாம்! உண்மையைக் கூட்டிச் சொல்வது வரம்பு மீறலாம்! பூந்தமல்லியில் பழைய தாள்களைப் போட்டு வைக்கும் கிடங்குக்குத் தங்களை அனுப்பினார்கள். மின்விசிறி இல்லை, கழிவறை இல்லை, பேச ஆள் இல்லை. அடங்கிப்போவீர்கள் என்று எண்ணினார்கள்.

அனுப்பியவருக்கு ஒன்று தெரியாது. எங்கள் மருந்தகத்திலிருந்து ஆண்டுதோறும் கட்டி அனுப்பிய பழைய சீட்டுகள் முழுவதும் அந்தக் கிடங்கில்தான் சாக்குமூட்டைகளாக அடுக்கிக் கிடந்தன! 1964 முதல் ஒரு மாதமும் விடாமல் இருந்தது. ஆளில்லாத இடத்தில், கேட்பாரில்லாத நேரத்தில், தாங்கள் முதல் மூட்டையின் சணலை அவிழ்த்தீர்கள். கரையான் தின்றது போக மிஞ்சியவற்றை மாதவாரியாக அடுக்கினீர்கள். இரண்டு ஆண்டுகள்வரை அந்த ஏழாமவரும் மற்றவர்களைப் போல நூற்றுக்கு மூன்றுதான் எழுதியிருந்தார். 1966 அக்டோபரில் பன்னிரண்டு. அடுத்த தையில் இருபத்தாறு. பிறகு நாற்பது. ஏறிய நாள் தெரிந்தது; முதல் தலைசுற்றல் விடுப்பு அதிலிருந்து நான்காம் மாதம் என்பதும் தெரிந்தது.

1969இல் டாக்டர் உலகநாதன் எங்கள் மருந்தகத்து மருத்துவராக வந்தார். தள்ளாடி வந்த மூன்று பேரை ஒரே வாரத்தில் பார்த்துவிட்டு, "இதெல்லாம் யாராவது எண்ணி வச்சிருக்காங்களா?" என்று என்னைக் கேட்டார். அந்தக் கேள்விக்குப் பிறகும் வாய் மூடியிருந்தால் நான் மனிதனில்லை. பூந்தமல்லிக்கு அவரை அழைத்து வந்தேன். அன்று தாங்கள் ஒரு மூட்டையைக் காட்டி, "சணலை அறுக்காதீங்க, முடிச்சை அவிழுங்க. திரும்பக் கட்டணும்" என்றீர்கள். மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் வந்து உடன் எண்ணினேன். அதை நற்செயல் என்று எழுத எனக்கு உரிமையில்லை. தாமதம் என்றே எழுதுகிறேன்.

1970 ஜனவரியில், தொழிற்சங்கத்தார் விடாமல் போராடியதால், தங்கவேலின் வேலைநீக்கம்பற்றி அந்தத் தொழிற்சாலையில் விசாரணை கூடியது. ஒன்றரை ஆண்டுக்கு மேலாகக் 'குடிகாரன்' என்ற பட்டத்தோடு ஊருக்குள் நடமாடியவர் சுவரோரமாக நடந்து வந்து நின்றார். கன்னியம்மா அவர் காதருகே வாய் வைத்துக் கேள்விகளைத் திருப்பிச் சொன்னார். ஊசிக் கணக்கும், அந்த ஆலையில் தள்ளாடும் ஏழாமவரின் நோயாளிகள் பட்டியலும் எழுதிய மூன்று பெரிய தாள்களைத் தாங்கள் சுவரில் ஒட்டினீர்கள். நிர்வாகத்தின் வழக்கறிஞர் எழுந்தார்.

"இந்தம்மா டாக்டரா?"

"இல்லீங்க. எனக்கு எண்ணத் தெரியும்."

"இயந்திரச் சத்தத்துல காது போயிருக்கும்னு நான் சொல்றேன்."

"சத்தத்துல காது போறது உண்டுங்க. இந்தப் பட்டியல்ல பன்னெண்டாவது பேரு வேலுசாமி. உங்க ஆலைத் தோட்டக்காரரு. ரோசாச் செடி என்னங்க சத்தம் போடும்? பத்தொன்பதாவது ஆளு பொட்டலம் கட்டறவரு. இருபத்திரண்டாவது ஆளு வெளிவாசல்ல காவல். அவருதான் தங்கவேலு தள்ளாடறாருன்னு பிடிச்சுக் குடுத்தவரு. இப்ப அவருக்கும் தள்ளாடுது."

டாக்டர் உலகநாதன் தங்கவேலைக் கால்களைச் சேர்த்து வைத்து, கண்ணை மூடி நிற்கச் சொன்னார். மூடினார், மரம் சாய்வது போல் சாய்ந்தார், டாக்டர் தாங்கிக்கொண்டார். பிறகு பட்டியலிலிருந்து வந்திருந்த மற்றப் பதினொரு பேரையும் வரிசையாக நிறுத்தி, தாங்கிக்கொள்ள ஒவ்வொருவர் பின்னாலும் ஓர் ஆள் நிற்க, கண்ணை மூடச் சொன்னார். ஒன்பது பேர் சாய்ந்தார்கள். காலை பத்து மணி. அத்தனை பேரும் நிர்வாகத்தின் கண்ணெதிரே, நிர்வாகத்தின் தேநீர் மட்டும் குடித்திருந்தவர்கள். அந்தக் காவலாளி சாய்ந்தபோது அவரைத் தாங்கிப் பிடித்தவர் கன்னியம்மா.

ஏழாம் மருத்துவரையும் அழைத்திருந்தார்கள். அவர் சொன்ன விளக்கம் ஒன்றே ஒன்று: "அவங்களே ஊசி வேணும்னு கேக்கறாங்க." தங்கவேல் அதைக் கேட்கவில்லை. கேட்க முடியவில்லை. கன்னியம்மா காதில் சொன்ன பிறகுதான் தெரிந்துகொண்டார். பிறகு மெல்லச் சொன்னார்: "நான் இருமலுக்கு மருந்து கேட்டேன் சார். நீங்க என் மூஞ்சிய ஒரு தபாகூட பாக்கல."

தங்கவேல்மீது குற்றம் இல்லை என்று முடிவாயிற்று. பொட்டலம் கட்டும் பிரிவில் வேலை திரும்பக் கிடைத்தது. காது திரும்பவில்லை; இன்றும் திரும்பவில்லை. சைக்கிள் ஏறுவதை அவர் விட்டுப் பத்து ஆண்டுகளாகின்றன.

இனி எங்கள் கோபத்தின் வேரைச் சொல்கிறோம். தாங்கள் குறிப்பைக் கொடுத்த நாளிலிருந்து விசாரணை கூடிய நாள்வரை பதினெட்டு மாதங்கள். அந்தப் பதினெட்டு மாதங்களில் அந்த மருத்துவர் எழுதிய ஊசிச் சீட்டுகள் நாலாயிரத்து முந்நூற்றெட்டு. புதிதாகத் தள்ளாடத் தொடங்கியவர்கள் பதினேழு பேர். நான்கு பக்கத்தைப் படிக்க ஒரு மனிதருக்குக் கால்மணி நேரம் போதும். அந்தக் கால்மணி நேரத்தை ஒதுக்காததால் பதினேழு பேர் செவி இழந்தார்கள்! யார் கேட்டார்கள் இதை? எவர் பதில் சொன்னார்? பட்டியலிலிருந்து விலகிக்கொள்ள மருத்துவருக்கு அனுமதி தந்தார்கள்; அவர் வேறு பேட்டையில் வேறு பலகை மாட்டிக்கொண்டார். கண்காணிப்பாளர் பதவி உயர்ந்து போனார். 1971இல், 'மருத்துவர்வாரியாக மருந்துச் சீட்டுகளை மாதந்தோறும் எண்ணி ஒப்பிடும் புதிய கண்காணிப்பு முறை' என்று ஓர் ஆணை வந்தது. அதை வகுத்தவர் பெயர் என்ற இடத்தில் இருந்தது யார் பெயர்? கிடங்குக்குத் தங்களை அனுப்பியவரின் பெயர்! தங்களுடைய கட்டம் போட்ட தாளையே, தாங்கள் இட்ட ஏழு பத்திகளோடு, மாதிரிப் படிவமாக அச்சடித்து இணைத்திருந்தார்கள். அதன் ஓரத்தில் தாங்கள் எழுதிய 'தா.' என்ற சுருக்கொப்பத்தை மட்டும் வெள்ளைத்தாள் ஒட்டி மறைத்திருந்தார்கள்.

தங்களை இங்கே திரும்ப அழைத்துக்கொண்டார்கள்; அதே மேசை, அதே நிலை. இடமாற்ற ஆணையில் எழுதிய பழிச்சொல்லை இன்றுவரை நீக்கவில்லை. அதனாலேயே பதவி உயர்வு மூன்றுமுறை தங்களைத் தாண்டிப் போயிற்று. அதே காலத்தில் என் வரிசையில் எனக்கு முதல்நிலை மருந்தாளுநர் பதவி வந்தது, வாங்கிக்கொண்டேன். வாழ்த்துச் சொல்ல முதலில் வந்தவர் தாங்கள். பெயரை மறைத்து வந்த அந்த 1971 ஆணையைக் கிழித்துப் போடுங்கள் என்று நாங்கள் கொதித்தபோது, "முறை வந்துடுச்சு இல்ல? யாரு பேருல வந்தா என்ன, எண்ணுங்க" என்றீர்கள். தங்களுக்கு அது போதுமாக இருந்தது. எங்களுக்குப் போதவில்லை, அம்மையீர்! திறமைக்குத் தலைகுனியத் தெரியாத அலுவலகம், உழைப்பை உரித்தெடுத்து உரியவர் பெயரை ஒட்டி மறைக்கும் அலுவலகம், இன்று ஒரு சால்வையைப் போர்த்திக் கணக்கை முடித்துக்கொள்ளப் பார்க்கிறது. போர்த்தட்டும். சால்வை தங்களுக்கு அழகாகத்தான் இருக்கிறது.

சென்ற திங்கட்கிழமை நடந்ததையும் சபையறியச் சொல்கிறோம். பணியின் கடைசி வாரத்தில் எல்லோரும் மேசையைத் துடைத்து வைப்பார்கள். தாங்கள் மே மாதத் தாளைக் கொண்டுவந்து என்முன் வைத்தீர்கள். ஆவடியில் உள்ள ஒரு மருத்துவமனையின் பத்தியில் பென்சிலால் வட்டம் இட்டிருந்தீர்கள். தூக்கமாத்திரை, சென்ற ஆண்டு நூற்றுக்கு இரண்டு, இப்போது பதினெட்டு. வாங்குபவர்களில் பாதிக்குமேல் நூற்பாலையில் இயந்திரத்தருகே நிற்கும் பெண்கள்.

"காரணம் இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். போய்க் கேக்கணும்" என்றீர்கள். பிறகு, "எனக்கு வெள்ளிக்கிழமையோட முடியுது. இது முடியல" என்றீர்கள்.

அம்மையீர்! அந்தத் தாளோடு ஒரு குறிப்பு எழுதினோம். அதில் இன்று பணியிலிருக்கும் பத்தொன்பது பேரும், மருத்துவர் முதல் கூட்டுபவர்வரை, ஒருவர் விடாமல் கையெழுத்திட்டோம். பத்துப்பேர் அன்று கூசி நின்றவர்கள். ஒன்பதுபேர் பின்னால் வந்தவர்கள். செவிலியர் வரலட்சுமியும் நானும் இன்று காலை மாவட்ட அலுவலகத்துக்கு நேரில் சென்று கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கி வந்தோம். இந்த மேடையில் தலைமை தாங்கி அமர்ந்திருக்கும் இன்றைய கண்காணிப்பாளர் அவர்களின் முன்னால், மாலைத்தட்டுக்குப் பக்கத்தில், மடித்து வைத்திருக்கும் தாள் அதன் நகல்தான். ஐயா, நான்கு பக்கம். கால்மணி நேரம் ஆகும். தாங்கள் படித்து முடிக்கும்வரை நாங்கள் காத்திருக்கிறோம். தேநீர் பிறகு வழங்கப்படும்.

எங்கள் அருமை அம்மையீர்! பருத்திப்பட்டு ஏரிக்கரைக் காற்றைக் காலையில் அவசரமின்றி வாங்குக! பேருந்தில் இனி ஏறினால் உட்கார்ந்தே செல்க! கண்ணொளி குன்றாமல், காலுறுதி தளராமல், செவி தெளிந்து, சினம் தணியாமல் நூறாண்டு வாழ்க! எங்கள் கூட்டலில் பிழை கண்டால் எந்நாளும் வந்து ஏசுக!

இங்ஙனம்,
ஒருவர் சார்பில் மற்றொருவர் இடாமல் அவரவரே ஒப்பமிட்ட
மருந்தக ஊழியர்கள் பத்தொன்பது பேர்

மணவாளன், மருந்தாளுநர்
உலகநாதன், மருத்துவர்
வரலட்சுமி, செவிலியர்
பால்ராஜ், மருந்துக் கிடங்குக் காப்பாளர்
பொன்னியம்மா, துப்புரவுப் பணியாளர்
(தொடர்ந்து பதினான்கு கையொப்பங்கள்)